செவல்குளத்தில் கயிறு வந்த வருஷம்

செவல்குளத்தில் கயிறு வந்த வருஷம் மழை நன்றாகவே பெய்திருந்தது, கரிசலில் கடலை நன்றாகவே விளைந்திருந்தது, அம்மன் கோவில் கொடை விழாவும் மாதா கோவில் அசன விருந்தும் சச்சரவில்லாமல் முடிந்திருந்தன. ஆகவே கயிறு வந்ததற்குப் பஞ்சத்தையோ தெய்வக் குற்றத்தையோ காரணமாகச் சொல்ல யாருக்கும் வழியில்லாமல் போயிற்று. பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை ஊர் கண்விழித்தபோது, யாருக்கு யாரோடு போட்டியோ அந்த இரண்டு பேரையும் ஒரு கயிறு இணைத்திருந்தது. இடுப்பின் வலது பக்கம், வேட்டி செருகும் இடத்துக்கு ஒரு சாண் மேலே தொடங்கி, கதவடியில் நுழைந்து, படி இறங்கி, தெருவைக் கடந்து, எதிராளியின் இடுப்பில் போய் அது முடிந்தது. சணல் என்று பார்த்தால் சணல் இல்லை, நைலான் என்று பார்த்தால் நைலானும் இல்லை. தொட்டால் லேசான சூடு இருந்தது. எவ்வளவு தூரம் போனாலும் நீண்டு கொடுத்தது. வலிக்கவில்லை, குளிக்கும்போது நனையவுமில்லை.

முதலில் அதைக் கண்டவர் சுயம்புலிங்கம். வடக்கு ரத வீதியில் கடலை மிட்டாய்க் கடை வைத்திருப்பவர், அறுபத்தொரு வயது, சட்டை போடாத உடம்பில் எப்போதும் வெல்ல வாசனை அடிக்கும். கடை ஷட்டரைத் தூக்கக் குனிந்தவர், இடுப்பில் ஏதோ தட்டுப்பட, அரைஞாண்தான் அவிழ்ந்துவிட்டது என்று நினைத்துப் பிடித்து இழுத்தார். பதினெட்டடித் தெருவுக்கு அந்தப் பக்கம், அதே கடலை மிட்டாயைப் போட்டு விற்கும் ஞானசௌந்தரியின் கடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"யாரு இழுக்கது?"

"நான்தான்" என்றார் சுயம்புலிங்கம்.

பதினோரு வருஷத்தில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. அதற்கு மேல் பேச இருவருக்கும் விருப்பம் இல்லாததால், அவர் கையிலிருந்த கயிற்றை விட்டார், அந்த அம்மாள் அடுப்பைப் பற்றவைத்தார்.

ஊர் பயப்படவில்லை. பயப்பட நேரமும் இல்லை, ஏழே முக்கால் டவுன் பஸ்ஸில் கயிறோடு எப்படி ஏறுவது என்பதை ஏழரைக்குள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கண்டக்டர்கள் கயிறுகளை ஜன்னல் வழியாக வெளியே விடச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவர் கயிற்றை ஒருவர் சுற்றி ஸ்கிப்பிங் ஆடினார்கள். அடுத்தவர் கயிற்றை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும் என்ற மரியாதை யாரும் சொல்லிக் கொடுக்காமல் இரண்டே நாளில் ஏற்பட்டது. கதவுகள் சாத்த முடியாமல் கிடந்ததைப் பார்த்த தச்சர் ஆவுடையப்பன், கதவின் கீழ் மூலையில் கயிறு போக அரைவட்டமாக ஓட்டை வெட்டிக் கொடுக்கத் தொடங்கினார். எலி வரும் என்று முதல் வாரம் மறுத்த வீடுகள் இரண்டாம் வாரம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டன. அதுவரை ஆவுடையப்பனுக்குக் கயிறே கிடையாது. ஒன்பதாம் நாள் மேலத் தெருவிலிருந்து இன்னொரு தச்சர் அதே வேலைக்குக் கிளம்பியதும் அவர் இடுப்பிலும் ஒன்று முளைத்தது. அதற்குப் பிறகு வெட்டிய ஓட்டைகளின் விளிம்புகள் கையை வைத்தால் வழுக்கும்படி இழைக்கப்பட்டிருந்தன.

எந்தக் கயிறு எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் அந்த மாதம் முழுக்க ஊரின் வேலையாக இருந்தது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய நேரம் அது. இரண்டு பெரிய கட்சிக்காரர்களுக்கும் இடையில் ஒரு கயிறுகூட இல்லை, எல்லாக் கயிறும் கட்சிக்கு உள்ளேயே ஓடி, கட்சி அலுவலக வாசலில் காலெடுத்து வைக்க முடியாதபடி சிக்கிக் கிடந்தது. ரைஸ்மில் முதலாளி ஒருவர், பக்கத்து ரைஸ்மில்காரர்தான் தன் ஜென்மப் பகையென்று இருபது வருஷமாக நம்பி வந்தவர், அந்த மனிதரின் கயிறு தன்னைக் கண்டுகொள்ளாமல் நேரே மதுரைப் பக்கம் போவதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிற தபால்காரருக்கு, கயிற்றின் இரண்டு முனையும் அவர் இடுப்பிலேயே இருந்தன. அரசு ஆஸ்பத்திரி டாக்டரின் கயிறு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அது பின்பக்க ஜன்னல் வழியாக இறங்கி, முள்வேலி தாண்டி, சுடுகாட்டுக்குப் போயிற்று. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, தெரிந்த விஷயம்தான் என்பதுபோல ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு வார்டுக்குக் கிளம்பினார். கயிறே இல்லாதவர்களும் இருந்தார்கள். அவர்களை ஊர் முதலில் ஞானிகள் என்று நினைத்தது. விசாரித்துப் பார்த்ததில் பாதிப் பேர் ஞானிகளாகவும் மீதிப் பேர் பென்ஷன் உறுதியான உத்தியோகஸ்தர்களாகவும் இருந்தார்கள்.

அறுக்கலாமா என்ற கேள்வி சீக்கிரமே வந்தது. டெய்லர் கத்தரிக்கு அது வெட்டுப்பட்டது. ஒரே ரூட்டில் ஓடிய இரண்டு மினிபஸ் டிரைவர்களுக்கு இடையில் இருந்த கயிறு ஒரு காய்கறி வண்டியைக் கவிழ்த்த அன்றே இன்ஸ்பெக்டர் வந்து அதை வெட்டிப் போட்டார். பிறகு அந்த பஸ்கள் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போயின, ரோட்டில் கோழிகூடச் சாகவில்லை, அந்த விஷயத்தில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. பிளஸ் டூ படித்த அமலி என்ற பெண்ணுக்கும் அவள் சித்தி மகளுக்கும் நடுவில் மாட்டுக்குக் கட்டுகிற வடம்போல ஒன்று இருந்தது. அமலி தலை குளிக்கும்போது அவள் அம்மா கதவிடுக்கில் அதை நறுக்கினாள். வெளியே வந்த பெண் நாலு தோசை சாப்பிட்டாள், மதியம் வரை தூங்கினாள், பரீட்சையில் பதினேழு மார்க் குறைவாக எடுத்தாள், நர்சிங் சேர்ந்து நாகர்கோவிலுக்குச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள். ஆனால் கோர்ட் வளாகத்தில் இரண்டு மூத்த வக்கீல்கள், இனி நமக்குள் எதற்கு என்று தோளில் கைபோட்டுப் பேசிச் சம்மதித்து வெட்டிக்கொண்டார்கள். ஒரே மாதத்தில் இருவரும் கேஸ் கட்டைப் பிரித்துப் படிப்பதை விட்டார்கள், நேற்று வக்கீல் சன்னது வாங்கிய பையன்கள் அவர்களைத் தோற்கடித்தார்கள், வழக்குக் கொடுத்த கட்சிக்காரர்கள் பாவம் அழுதுகொண்டே போனார்கள். ஆக, வெட்டினால் நல்லதா கெட்டதா என்று ஒரே பதிலாகச் சொல்ல முடியவில்லை. நகராட்சி கூடி, இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் வெட்டலாம் என்று தீர்மானம் போட்டது. தானாக மெலிந்து அறுகிற கயிற்றைப் பற்றி அந்தத் தீர்மானத்தில் ஒரு வரியும் இல்லை, ஏனென்றால் அப்படி நடக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அது வடக்கு ரத வீதியில்தான் முதலில் நடந்தது.

செவல்குளத்துக் கடலை மிட்டாய்க்கு ஒரு பேர் இருந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ரயில் ஏறும்முன் வாங்குவார்கள். வாயில் போட்டால் முதலில் உடையும், பிறகு கரையும், கடைசியில் நாக்கின் அடியில் ஒரு சின்னக் கசப்பு, கருகலுக்கு ஒரு மூச்சு முன்னால் இறக்கிய வெல்லத்தின் கசப்பு, வந்துவிட்டுப் போகும். அந்தக் கசப்பு எப்படி வருகிறது என்று தண்ணீரை, வெல்லத்தை, கரிசல் கடலையை எல்லாம் காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் டீக்கடை மைதீனுக்கு மட்டும் தெரியும், அவர் கடை இரண்டு மிட்டாய்க் கடைகளுக்கும் நடுவில் முக்கில் இருந்தது.

காலை ஐந்தரைக்கு மைதீன் கடைக்குப் பால் வரும். அந்த வண்டிச் சத்தத்துக்கு இரண்டு கடையிலும் ஒரே நேரத்தில் பாகு ஏறும். வெல்லப்பாகு கொதித்து, நுரை அடங்கி, பதத்துக்கு வந்ததும் இரும்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக் கல்லின் மேல் வைப்பார்கள். ணங்கென்று கேட்கும். எந்தக் கடையில் அந்தச் சத்தம் முதலில் கேட்கிறதோ அந்தக் கடை அன்றைக்குத் தோற்றது. இப்படி ஒரு ஏற்பாட்டை யாரும் யாரோடும் பேசி வைத்ததில்லை. எதிர்ச் சட்டி இறங்கட்டும், அதற்கு மேல் ஒரு மூச்சு தாக்குப்பிடித்து நான் இறக்குகிறேன் என்று சுயம்புலிங்கம் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருப்பார். அங்கே ஞானசௌந்தரியும் அதே நினைப்பில் கிண்டிக்கொண்டே இருப்பார். பாகு தேன் நிறம் தாண்டி, செம்மண் நிறம் தாண்டி, புகை வரப்போகிறது என்கிற இடத்தில் யாராவது ஒருவர் மனம் தளருவார். அந்த இடத்தில்தான் செவல்குளத்து ருசி இருந்தது.

அது தொடங்கிய கதையும் மைதீனுக்குத் தெரியும். ஞானசௌந்தரியின் கணவர் திடீரென்று செத்துப்போன அன்று, பந்தலில் உட்கார்ந்திருந்த சுயம்புலிங்கம் பக்கத்து ஆளிடம், "இனி இந்தத் தெருவுக்கு ஒரு அடுப்பு போதும்" என்று சொன்னார். மனதில் வஞ்சகம் வைத்துச் சொன்னதில்லை, வியாபாரி வாயில் வருகிற பேச்சு. உள்ளே படுத்திருந்த ஞானசௌந்தரியின் காதில் அது விழுந்தது. பதினேழாம் நாள் அந்த அம்மாள், அதுவரை பலகையில் மிட்டாய் வெட்டுகிற வேலையை மட்டும் செய்துகொண்டிருந்தவர், துடுப்பைக் கையில் எடுத்தார். அன்று அவர் சட்டி சுயம்புலிங்கத்தின் சட்டிக்கு ஒரு மூச்சு பின்னால் இறங்கியது. அன்று மாலைக்குள் அவர் கடையில் சரக்குத் தீர்ந்தது.

பதினோரு வருஷம் கிண்டிய ஞானசௌந்தரியின் வலது தோள், கயிறு வந்து இரண்டு மாதம் கழித்து வைகாசியில் உறைந்து நின்றது. தலைமுடியை முடியக்கூட கை எழும்பவில்லை. ஓசூரில் இருந்த மகள் போனில் தினமும் கூப்பிட்டாள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்து கடையை மூடிவிட்டுக் கிளம்புவதாக ஞானசௌந்தரி முடிவு செய்து, அதை மைதீனிடம் சொன்னார். மைதீன் அதை சுயம்புலிங்கத்தின் டீயோடு சேர்த்துக் கொண்டுபோய் வைத்தார்.

"எதுத்த கடை மூடுது அண்ணாச்சி."

சுயம்புலிங்கம் டீயை ஆற்றிக் குடித்தார். பிறகு, "ஓ" என்றார்.

அவருடைய மருமகன் பொன்செல்வன்தான் சந்தோஷப்பட்டான். கடையை அவன்தான் இனி நடத்த வேண்டியவன், கெட்டிக்காரன், எம்.பி.ஏ. படித்தவன். எதிர்க் கடை இடத்தையும் பிடித்து மெஷின் போடுவது என்று அன்றே காகிதத்தில் படம் வரைந்தான். ஊரும் சுயம்புலிங்கத்தைப் பார்க்கிற இடத்தில் எல்லாம் கை கொடுத்தது. ஜெயித்துவிட்டீர் என்றது. அவரும் சிரித்துத் தலையாட்டினார், அப்படித் தலையாட்டும்போது குனிந்து பார்த்தவருக்கு, கட்டைவிரல் கனம் இருந்த கயிறு சுண்டுவிரல் கனமாகியிருந்தது தெரிந்தது.

மறுநாள் ஞானசௌந்தரியின் சட்டி சீக்கிரமே இறங்கிவிட்டது. கை வலியில், இருக்கிற சரக்கைப் போட்டு முடித்தால் போதும் என்று அவர் இறக்கிவிட்டார். சுயம்புலிங்கம் வழக்கம்போல ஒரு மூச்சு பொறுத்து இறக்கினார். பாகு இன்னும் தேன் நிறத்தில்தான் இருந்தது. அந்த மிட்டாய் பல்லில் ஒட்டியது. அடுத்த நாள் எதிர்ச் சத்தத்தைக் காதில் வாங்குவதில்லை என்று வீம்பாகக் கிண்டினார், சட்டியே கருகிப் போயிற்று. மூன்றாம் நாள் பொன்செல்வன் தெர்மாமீட்டர் வாங்கி வந்தான். அது சொன்ன டிகிரியில் இறக்கியதில் மிட்டாய் உடைந்தது, இனித்தது, அதற்கு மேல் அதில் ஒன்றுமே இல்லை. முப்பத்தெட்டு வருஷம் தன் கையில் இருக்கிறது என்று நினைத்த பதம், பதினோரு வருஷமாக எதிர்ச் சத்தத்துக்கே இறக்கிப் பழகியதில், தன் கையில் இல்லாமல் போனதை சுயம்புலிங்கம் அந்த வாரத்தில் தெரிந்துகொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. வாங்கிய பாக்கெட்டைச் சிலர் திருப்பிக் கொண்டுவந்து கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

"மாமா, இதுக்குப் போயி முகத்தத் தொங்கப் போடுதியளே" என்றான் பொன்செல்வன். "ஞாயித்துக்கிழமைக்குப் பொறவு ஒரே கடைதான் இருக்கப்போவுது. எதோட வச்சு ஒப்பிட்டுப் பாப்பாங்க?"

சுயம்புலிங்கம் மருமகனை நிமிர்ந்து பார்த்தார். ஆறுதலாகத்தான் அவன் சொன்னான். அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. இனி வெந்தது வேகாதது தெரியாது, ஒட்டுகிறதா உடைகிறதா கேட்க ஆள் இல்லை, சாகிற வரைக்கும் நல்ல மிட்டாய்தான் போடுகிறோமா என்று அவருக்கே தெரியாமல் போய்விடும்.

கயிறு அறுந்துவிடக் கூடாது என்று அன்றைக்குத்தான் அவர் முடிவு செய்தார். ஆனால் அதற்கு அவருக்குத் தெரிந்த வழி தப்பான வழியாக இருந்தது. தோளுக்குத் தடவ ஆயுர்வேதத் தைலம் வாங்கி மைதீனிடம் கொடுத்தனுப்பினார். ஞானசௌந்தரி நன்றி சொல்லி அனுப்பினார். கயிறு மெலிந்தது. ஒரு சீப்பு மட்டிப்பழம் அனுப்பினார், கயிறு இன்னும் மெலிந்தது. ஊரும் தன் பங்குக்குக் கெடுத்தது. தினம் நாலு பேர் ஞானசௌந்தரியின் கடைக்குப் போய், "ஒத்தப் பொம்பளையா நின்னு சாதிச்சிட்டியக்கா, இனி ஓய்வெடு" என்று கண்ணில் நீரோடு சொன்னார்கள். மாதர் சங்கம் பொன்னாடை போர்த்தியது. பொன்னாடை தோளில் விழுந்த நேரத்தில் கயிறு ஒரு நூல் கனத்துக்கு வந்துவிட்டது. அன்பு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது யாருக்கும் அப்போது புரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சுயம்புலிங்கம் தன் கடை மிட்டாயில் ஒரு கிலோ பாக்கெட்டை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். பதினெட்டடி. பதினோரு வருஷத்தில் அவர் அதைக் கடந்ததில்லை. வழியனுப்பத்தான் போனார், அதற்கு மேல் அவரிடம் யோசனை எதுவும் இல்லை.

ஞானசௌந்தரி பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். "வாங்க அண்ணாச்சி, இருங்க" என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். அந்த மரியாதை சுயம்புலிங்கத்துக்குப் பயமாக இருந்தது. குனிந்து பார்த்தார். கயிறு தலைமுடி போல இருந்தது.

"ஓசூர்ல குளிரு அதிகம்னு சொல்லுதாங்க."

"ஸ்வெட்டர் வாங்கி வச்சிருக்காளாம்."

"இது பேரப்புள்ளையளுக்கு" என்று பாக்கெட்டை நீட்டினார்.

கொண்டுவந்த மனிதரின் முன்னால் பிரித்துச் சாப்பிடுவதுதான் மரியாதை என்று ஞானசௌந்தரி பாக்கெட்டைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டார். இரண்டு தடவை மென்றார். வாய் அசைவது நின்றது. விரலை விட்டு மேல் பல்லில் ஒட்டியதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எப்பம் போட்டது அண்ணாச்சி?"

"இன்னைக்குக் காலையில."

"இதக் கடையில வச்சு விக்கியளா?"

"வித்தேன்."

"வாங்கிட்டுப் போனவன் ஒருத்தனும் அடிக்க வரலையா?"

சுயம்புலிங்கத்துக்குக் காது சூடானது. "நீ பாட்டுக்கு அவக்கு அவக்குனு இறக்கி வச்சா நான் என்ன செய்ய?"

தெருமுக்கில் டீ ஆற்றிக்கொண்டிருந்த மைதீனின் கை நின்றது. பதினோரு வருஷத்து ரகசியத்தை மனிதர் வாயால் சொல்லிவிட்டார்.

"நான் இறக்குனா உங்களுக்கென்ன?" என்றார் ஞானசௌந்தரி மெதுவாக. "உங்க சட்டிக்கு நீங்கதான பதம் பாக்கணும்?"

"உன் சத்தத்த வச்சுத்தான் பாத்தேன்."

"அப்பம் இத்தன வருசம் என் சட்டிச் சத்தத்துல ஓடிருக்கு உங்க பொழப்பு."

"ஏன், நீ மட்டும் என் சத்தம் கேக்காம இறக்குனியோ? மாதா மேல ஆணையாச் சொல்லு பாப்போம்."

ஞானசௌந்தரி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஒரு அடுப்பு போதும்னு சொன்னிய, ஞாபகம் இருக்கா? எம் புருசன் பொணம் வீட்டுல கெடக்கும்போது சொன்னிய. இந்தா, போதும்னுதான் கெளம்புதேன். அந்த ஒரு அடுப்புல இந்த லட்சணத்துலதான் வேகுமா?"

"சொன்னேன்" என்றார் சுயம்புலிங்கம். "வாய்க்கொழுப்புல சொன்னேன். ஒரு அடுப்புல ஒண்ணும் வேகல. போதுமா?"

அந்த இடத்தில் விட்டிருந்தால் ஞானசௌந்தரி கண்ணைத் துடைத்திருப்பார், மன்னித்திருப்பார், கயிறு அறுந்திருக்கும். சுயம்புலிங்கத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆனா ஒண்ணு. நீயும் பெரிய கைக்காரின்னு நெனச்சிக்கிடாத. பதம் தப்புன அன்னைக்கெல்லாம் ஏலக்காய அள்ளிப் போட்டு வாசனையில மறைச்சவதான நீ."

"ஏலக்காயா?" அந்த அம்மாளின் குரல் ரத வீதி முழுக்கக் கேட்டது. "வறுத்த கடலையில தோலு போகல, சொத்தைய பொறுக்கல, அதுக்கு மேல வெல்லத்த ஊத்தி மூடி விக்குத மனுசன் என் ஏலக்காயப் பேசுதாரு. ஏ மைதீனு, கேட்டியா இந்த நாயத்த?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் மைதீன்.

"சுக்கு வாங்க மனசு வராது. நெய் தடவ மனசு வராது. பலகைக்கு அரிசிமாவு தூவச் சொன்னா எண்ணித் தூவுவாரு. ஊரு ஏதோ போனாப் போவுதுன்னு வாங்கித் தின்னுச்சு."

"உன் பாக்கெட்டுல பாதி காத்துதான? எடை போட்டா தராசு சிரிக்கும்."

தெருவில் கூட்டம் சேர்ந்தது. செவல்குளத்தில் சண்டை என்றால் ஓடிவந்து இருவரையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போவதுதான் வழக்கம். அன்றைக்கு யாரும் இழுக்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தலைமுடியாகக் கிடந்தது நூலாகி, நூல் கொச்சக்கயிறாகி, கொச்சக்கயிறு தேர்வடத்தின் பேரன் மாதிரி முறுக்கேறி, தரையை விட்டு எழும்பி இரண்டு இடுப்புகளுக்கும் நடுவில் விறைத்து நின்றது. ஒரு காக்கை வந்து அதன்மேல் உட்கார்ந்தது. வந்தவர்கள் டீ சொல்லிவிட்டு, மைதீன் கடை பெஞ்சிலும் சைக்கிள் கேரியரிலும் உட்கார்ந்துகொண்டார்கள். சண்டை கொஞ்சம் தணிகிற மாதிரி தெரிந்தால் யாராவது ஒருவர், "அக்கா, அன்னைக்கு தீவாளி ஆர்டர அண்ணாச்சி மடக்குனாருல்லா" என்று எடுத்துக் கொடுத்தார்கள்.

பேச்சின் நடுவில் ஞானசௌந்தரி துடுப்பை எடுத்து சுயம்புலிங்கத்தின் மூக்குக்கு நேராக நீட்டினார். நீட்டியது இடது கை. நீட்டிய பிறகுதான் அவரே அதைப் பார்த்தார். துடுப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். இன்னொரு சுற்று.

"காலையில பால்வண்டி வரட்டும்" என்றார். "பாத்துக்கிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து காரோடு வந்த மகளிடம், ஆனி போகட்டும் என்றார். மகள் அழுது பார்த்தாள், கத்திப் பார்த்தாள், கடைசியில் அம்மாவின் இடுப்பிலிருந்து போகிற வடத்தைத் தூக்கிப் பார்த்து, அதன் கனத்தில் கை தாழ்ந்ததும், பேப்பரில் சுற்றிய பாத்திரங்களைப் பிரித்து அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். வாரம் மூன்று நாள் தோளுக்குப் பிசியோதெரபி போவதாக மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இடது கை சுலபத்தில் வசப்படவில்லை. முதல் நாள் பாகு அடிப்பிடித்தது, இரண்டாம் நாள் துடுப்பு நழுவி விழுந்தது, மூன்றாம் நாள் சட்டியைச் சாய்க்கத் தெரியாமல் பாதி தரையில் கொட்டியது. அங்கே சட்டி தாறுமாறான நேரத்தில் இறங்கியதால் இங்கே சுயம்புலிங்கத்தின் சட்டியும் தாறுமாறாகவே இறங்கியது. பதினோரு நாள் செவல்குளம் தன் வரலாற்றிலேயே மோசமான கடலை மிட்டாயைத் தின்றது. திருப்பிக் கொடுக்க யாரும் வரவில்லை. டாக்டர் தினமும் இரண்டு கடையிலும் கால் கிலோ வாங்கி நர்ஸுகளுக்குக் கொடுத்தார், நர்ஸுகள் அதைச் சுத்தியலால் உடைத்துச் சாப்பிட்டார்கள். தச்சர்கள் இருவரும் தனித்தனியாக யோசித்து, இடது கைக்குத் தோதாகப் பிடி வளைந்த துடுப்பு ஒன்றை ஒரே நாளில் ஆளுக்கொன்று செய்துகொண்டு வந்து நின்றார்கள். ஞானசௌந்தரி இரண்டையும் பிடித்துப் பார்த்து ஆவுடையப்பனுடையதை எடுத்துக்கொண்டார். மற்றவர் தன் துடுப்பை வீட்டுக்கு எடுத்துப் போய் இன்னும் கொஞ்சம் இழைத்தார்.

பன்னிரண்டாம் நாள் பால்வண்டி வந்து போனது. இரண்டு கடையிலும் பாகு ஏறியது. நுரை அடங்கியது, தேன் நிறம் வந்தது, தேன் நிறம் போனது. மைதீன் ஸ்டவ்வை அணைத்துவிட்டுக் காது கொடுத்தார். எதிரே சத்தம் இல்லை. சுயம்புலிங்கம் கிண்டிக்கொண்டே இருந்தார், கை எரிந்தது, நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது, பாகு செம்மண் நிறம் தாண்டியது. எதிரே சத்தம் இல்லை. மூச்சைப் பிடித்தார். அந்த மூச்சை விட்டு இன்னொரு மூச்சு பிடித்தார். வடம் இடுப்பில் விண்ணென்று தெறித்தது. ஒரு இழை புகை எழப் பார்த்தது. அவர் இறக்கினார். ணங்.

ஒரு மூச்சுக்குப் பிறகு, தெருவுக்கு அந்தப் பக்கம், ணங்.

எட்டு மணிக்கு ஞானசௌந்தரியின் கடை முன்னால் ஒன்பது பேர் நின்றார்கள், சுயம்புலிங்கத்தின் கடை முன்னால் நாலு பேர். அந்த நாலு பேரையும் அனுப்பிவிட்டு, அவர் மருமகனை எதிர்க் கடைக்கு அனுப்பி ஒரு பாக்கெட் வாங்கி வரச் சொன்னார். பொன்செல்வன் வாங்கி வந்தான். அவர் ஒரு துண்டை வாயில் போட்டார். அது உடைந்தது. கரைந்தது. நாக்கின் அடியில் அந்தக் கசப்பு வந்தது, ஆனால் இதுவரை வந்ததைவிட இன்னும் ஒரு படி ஆழத்தில், அவர் முப்பத்தெட்டு வருஷத்தில் தொடாத ஒரு இடத்தில் வந்துவிட்டுப் போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது துண்டை எடுத்தார்.

பொன்செல்வன் மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். "எப்படி மாமா இருக்கு? நம்மளதவிட மோசம்தான?"

"ரொம்ப நல்லாருக்கு மாப்ள" என்றார் சுயம்புலிங்கம், தோளில் கிடந்த துண்டை உதறி இடுப்பில் கட்டியபடி. "சட்டியக் கழுவுங்க. இன்னொரு பாகு ஏத்திப் பாப்போம்."